கல்லில் தங்கூஸ், முகத்துவாரத்தில் பிரெய்டு

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கரையில் நின்று தூண்டில் போடுகிற பையன்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, தங்கூஸைத் தூக்கிப் போட்டுட்டு பிரெய்டு மாத்திடலாமா?” தங்கூஸ் என்றால் நைலான் தூண்டில் நரம்பு, பிரெய்டு என்றால் இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு. கையில் 12 அடி ராடு இருக்கும், இரண்டு கையாலும் பிடித்து வீசுகிற ரகம். ரீல் 6000 அளவு. ஈயம் 100 கிராம். எல்லாம் சரியாக வாங்கியிருப்பார்கள். நரம்பு விஷயத்தில் மட்டும் பிரெய்டுதான் மேல் என்கிற ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துக் குழம்பியிருப்பார்கள்.

அந்த வீடியோக்கள் பொய் சொல்வதில்லை. அவை மணல் கரையில் எடுத்தவை. நமக்கு வாய்த்தது கல் கரை.

இதற்குக் காரணம் ஒன்று உண்டு. வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் நம் கடலோரத்து மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் திசை மாறும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பியபோது அந்த ஓட்டம் தடைபட்டது. தெற்கே மணல் தேங்கித் தேங்கி மெரினா அகலமானது. ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்துக்கொண்டே போனது. அதைத் தடுக்கத்தான் எண்ணூர் விரைவுச்சாலை ஓரம் கருங்கல் கொட்டினார்கள், அப்புறம் கடலுக்குள் நீட்டித் தூண்டில் வளைவுகள் என்கிற கல் தடுப்புகளைக் கட்டினார்கள். ஆகவே மெரினாவில் நிற்பவருக்குப் பொருந்துகிற நரம்பு காசிமேட்டுக்கு வடக்கே நிற்பவருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே நரம்பு உரசுவது மணலில், இங்கே சிப்பி ஒட்டிய கல்லில்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல் மேல் நின்றால் நைலான். எண்ணூர் முகத்துவாரத்து மணல் திட்டில் நின்றால் பிரெய்டு. இரண்டுக்கும் ஒரே நரம்பு வேண்டும் என்றால் நைலானையே சொல்வேன்.

நைலான் நரம்பைத்தான் நம் பக்கத்து வலைக்கடைகளில் தங்கூஸ் என்கிறார்கள். 40 நம்பர் என்றால் 0.40 மில்லிமீட்டர் தடிமன், 50 நம்பர் என்றால் 0.50. பிரெய்டு வேறு சாதி. மெல்லிய பாலிஎத்திலீன் இழைகளை நான்காகவோ எட்டாகவோ சேர்த்துப் பின்னியது. ஜப்பான்காரர்களின் கணக்குப்படி அட்டையில் பி.ஈ. 1, பி.ஈ. 2 என்று போட்டிருக்கும். பி.ஈ. 1 சுமார் 0.165 மி.மீ., பி.ஈ. 2 சுமார் 0.235 மி.மீ. நல்ல கம்பெனி பி.ஈ. 2 நரம்பு 40 நம்பர் தங்கூஸின் பலத்துக்குக் குறையாது, பல சமயம் கூடவே இருக்கும். குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்குப் போட்டால் தங்கூஸ் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பருமன். அதே ரீலில் பிரெய்டு மூன்று மடங்கு நீளம் ஏறும், காற்றில் தடை குறையும், ஈயம் தூரம் போகும். கைப்பிடிச் சுற்றை எண்ணித்தான் நான் தூரம் பார்ப்பேன். அதே ராடு, அதே ஈயத்தில் தங்கூஸ் 80 சுற்றுக்குப் போனால் பிரெய்டு 100-ஐத் தாண்டும்.

ஆனால் கல் கரையில் அந்தத் தூரத்தால் பெரிய லாபமில்லை. கல்லை ஒட்டித்தான் இரை கிடக்கிறது, மீனும் அதைத் தேடி அங்கேயே வருகிறது. செப்பிலி, கலவா எல்லாம் கல் இடுக்கில் இருப்பவை. காலடியிலிருந்து 20 மீட்டரில் இருக்கும் மீனைத் தாண்டி 100 மீட்டர் வீசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

உரசலுக்கு வருகிறேன். இதை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்தால் போதும். கல்லில் மாட்டித் திரும்பி வந்த தங்கூஸை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைக் கோடாகக் கீறல் தெரியும். கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டினால் கீறல் தட்டுப்படும். அந்த ஒரு மீட்டரை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி முள் கட்டலாம். தங்கூஸ் எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் அறுகிறது. பிரெய்டில் மேலே பஞ்சு மாதிரிப் பிசிர் கிளம்பும், ஆனால் அதைப் பார்க்க அவகாசமே கிடைக்காது. மீன் இழுத்து நரம்பு விறைப்பாக நிற்கும்போது சிப்பியின் விளிம்பு பட்டால் போச்சு. ‘டப்’ என்ற சத்தம்கூட வராது, ராடு திடீரென்று லேசாகிவிடும்.

நான் பிரெய்டு போட்ட முதல் வருடம், தூண்டில் வளைவின் முனையில் ஒரே சாயங்காலத்தில் நாலு ஈயம், நாலு செட் முள், நாற்பது ஐம்பது மீட்டர் நரம்பு போயிற்று. பக்கத்தில் ஒரு பெரியவர் தண்ணி பாட்டிலில் சுற்றிய கைநரம்போடு உட்கார்ந்திருந்தார். ஈயத்துக்குப் பதிலாக மெக்கானிக் கடையிலிருந்து எடுத்து வந்த பழைய ஸ்பார்க் பிளக். ஒன்றும் அறுபடாமல் இரண்டு செப்பிலி எடுத்துவிட்டார். நான் பார்ப்பதைக் கண்டு சொன்னார்: “தம்பி, இந்தக் கல்லு கத்திப்பா. இங்க மெலிசு ஆவாது. தடியா போடு, கிட்டப் போடு.” அன்றைக்கு அவர் கற்றுக்கொடுத்த இன்னொன்றும் உண்டு. பிளக்கை மட்டும் 25 நம்பர் தங்கூஸில் கட்டுவார். கல்லில் மாட்டினால் அந்த மெலிசு மட்டும் அறும், முள்ளும் மீனும் மேலே வந்துவிடும். இன்றுவரை கல் மேல் நான் வேறு விதமாகக் கட்டுவதில்லை.

தங்கூஸுக்கு இன்னொரு குணம், நீளும். அறுபடும் தறுவாயில் 20 சதவீதத்துக்கு மேலேயே நீண்டுகொடுக்கும். பிரெய்டு 3, 4 சதவீதம்தான். கல் மேல் நின்று மீனை மேலே தூக்கும்போது அலை வாங்கிப் போகும், திரும்ப வந்து அறையும். அந்த உதறலை நரம்பு வாங்கிக்கொள்வதால்தான் முள் வாயிலிருந்து பிய்ந்து வருவதில்லை.

சரி, பிரெய்டு எங்கே ஜெயிக்கிறது? கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற இடத்துக்குப் போங்கள். கீழே மணலும் சேறும். நீரேற்றம், நீர்வற்றம் இரண்டிலும் தண்ணீர் பக்கவாட்டில் இழுக்கும். அங்கே 40 நம்பர் தங்கூஸ் வில் மாதிரி வளைந்துகொண்டு ஈயத்தையே நகர்த்திவிடும். கூடவே மிதந்து வருகிற பிளாஸ்டிக் கவரெல்லாம் அதில் தொங்கும். பி.ஈ. 2 தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நிற்கும், அதே 100 கிராம் ஈயம் போட்ட இடத்தில் கிடக்கும். மீன் தொடுவதும் தெரியும். கிழங்கான் இரையைக் கடிப்பது அவ்வளவு சின்ன அசைவு. நூறு மீட்டருக்கு அப்பால் அது கடிக்கும்போது தங்கூஸ் அதைப் பாதி விழுங்கிவிடும். பிரெய்டில் விரலை வைத்திருந்தால் உளுந்து உருட்டினாற்போல் உணரலாம். உயிர் இறால் போட்டுக் கொடுவாவுக்குக் காத்திருக்கும்போதும் அப்படித்தான், முள்ளை உடனே இழுத்துக் குத்த நீளாத நரம்பு வேண்டும்.

ஆனால் பிரெய்டை நேராக முள்ளில் கட்டாதீர்கள். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி இருக்கும். முன்னால் தடித்த நைலான் கட்டியே ஆக வேண்டும். வீசும் வேகத்தைத் தாங்கவும் அதுதான். கணக்கு எளிது: ஈயத்தின் ஒவ்வொரு அவுன்ஸுக்கும் 10 பவுண்டு பலம். 100 கிராம் ஈயம் சுமார் மூன்றரை அவுன்ஸ், நாலு என்றே வைத்துக்கொண்டால் 40 பவுண்டு, அதாவது 60 நம்பர் தங்கூஸ் பக்கம் வரும். நீளம், ராடைப் போல இரண்டு மடங்கும் ரீலில் ஐந்தாறு சுற்றும், 12 அடி ராடுக்கு 9, 10 மீட்டர். இதில் கஞ்சத்தனம் கூடாது. மெலிசான நரம்பில் முழு வேகத்தில் வீசும்போது அறுந்தால் 100 கிராம் ஈயம் குண்டாகப் பறக்கும். நம் கரையில் குழந்தைகள் விளையாடுகிறார்கள், வலை பிரிக்கிறார்கள், சாயங்காலமானால் சாலையோரம் குடும்பம் குடும்பமாக வந்து உட்காருகிறார்கள். தங்கூஸ் போட்டாலும் 60 நம்பருக்குக் கீழே இருந்தால் இந்த முன்நரம்பு வேண்டும்.

பிரெய்டு விரலையும் அறுக்கும். ஆள்காட்டி விரலில் மாட்டி வீசுவதால் பத்தாவது வீச்சில் தோல் கிழிந்துவிடும். சைக்கிள் ட்யூபில் இரண்டு அங்குலம் வெட்டி விரலில் மாட்டிக்கொள்கிறேன், கையுறையைவிட அது தோது. கீழே மாட்டிக்கொண்டால் பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்கவே இழுக்காதீர்கள், ஒரு கட்டையில் சுற்றி இழுங்கள்.

கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று முகத்தில் அடிக்க ஆரம்பிக்கும். அப்போது பிரெய்டு தொய்ந்து ரீலில் ஏறினால் அடுத்த வீச்சில் முடிச்சு விழும். மிளகு அளவுதான் இருக்கும், ஆனால் ஊசி வைத்துப் பிரிக்க அரை மணி நேரம். வீசி முடித்ததும் கையாலேயே ரீலின் கம்பி வளையத்தைச் சாத்திவிட்டு, நரம்பை விரலில் பிடித்து இறுக்கியபடி முதல் பத்து சுற்றைச் சுற்றினால் பெரும்பாலும் வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அதற்குப் பிறகு முகத்துவாரத்தில் வீசிய என் மஞ்சள் பிரெய்டு இழைக்குள் வரை கறுத்துப் போனது. எத்தனை முறை சோப்பு போட்டும் போகவில்லை. தங்கூஸை ஒரு துணியால் துடைத்தேன், போய்விட்டது. அந்த மாதங்களில் படகையும் வலையையும் தேய்த்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்த பிறகு என் நரம்பைப் பற்றிப் பேசவே மனம் வரவில்லை.

ஃப்ளோரோகார்பன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரில் மீன் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் அதன் பெருமை. எண்ணூர்க் கலங்கலில் எந்த நரம்பும் தெரிவதில்லை. உரசலைத் தாங்கும், நைலானைவிடக் கனம், சீக்கிரம் இறங்கும், ஆகையால் முன்நரம்பாக ஒரு மீட்டர் போடுவது தப்பில்லை. ரீல் முழுக்கச் சுற்றப் பணம் செலவழிக்காதீர்கள்.

வாங்கும்போது இரண்டு விஷயம். தங்கூஸை வெயிலில் தொங்கவிட்டிருக்கும் கடையில் எடுக்க வேண்டாம், நைலானுக்கு வெயில் ஆகாது. ஒரு முழம் இழுத்துச் சுண்டிப் பாருங்கள். பொருபொருவென்று இருந்தால் வைத்துவிடுங்கள். பிரெய்டு வாங்கினால் ரீலில் முதலில் பத்து மீட்டர் தங்கூஸ் சுற்றி அதன் மேல் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் ஸ்பூலில் வழுக்கிச் சும்மாவே சுற்றும். முடிச்சைப் போடும்போது எச்சில் தொட்டு இறுக்குங்கள். உலர்ந்த நைலான் உரசிச் சூடாகிப் பலம் இழக்கும்.

என் பையில் இப்போது இரண்டு ஸ்பூல் இருக்கிறது. ஒன்றில் 50 நம்பர் தங்கூஸ், இன்னொன்றில் பி.ஈ. 2. தாழங்குப்பம் தாண்டி மணலில் கால் வைத்ததும் மாற்றிக்கொள்வேன், இரண்டு நிமிட வேலை. வெட்டிப் போடுகிற துண்டெல்லாம் ஒரு பழைய தண்ணி பாட்டிலில் போகிறது. போன தை மாதம் ஒரு கொக்கின் காலிலிருந்து தங்கூஸை அவிழ்க்க மூன்று பேர் தேவைப்பட்டோம்.