காய்ச்சுவதா, கரி வடிகட்டியா, ஆர்ஓவா?

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு வந்த விற்பனையாளர் ஒருவர், குழாய்த் தண்ணீரில் ஹார்மோனைக் குழப்பும் ரசாயனம் இருக்கிறது என்று பயமுறுத்தி, ஆர்ஓ இயந்திரம் (தண்ணீரை நுண்ணிய சவ்வு வழியே அழுத்தி வடிகட்டுவது) ஒன்றை மாமியார் தலையில் கட்டப் பார்த்தார். "நான் காய்ச்சித்தான் குடிக்கிறேன்" என்று அத்தை கதவைச் சாத்திவிட்டார்.

பயம் முழுக்கப் பொய்யில்லை. கனடாவில் ஓர் ஏரியில் கருத்தடை மாத்திரையின் ஈஸ்ட்ரோஜனை 2001 முதல் 3 ஆண்டுகள் கலந்து பார்த்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் ஒரு சிட்டிகைகூடத் தேறாது. அதற்கே ஆண் மீன்கள் பெண் தன்மை அடைந்து, ஒரு சிறு மீன் இனம் அங்கே கிட்டத்தட்ட அழிந்தது. ஆனால் அது மீன். நாள் முழுக்க அந்தத் தண்ணீரிலேயே கிடப்பது. தவிர, இந்த ஹார்மோன் தண்ணீருக்கு வருவது கழிவுநீர் வழியாக; சிங்கப்பூரில் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர்க் கால்வாய் வேறு. மேலே உள்ள ஊரின் கழிவு கீழே உள்ள ஊரின் குடிநீரில் கலக்கும் ஐரோப்பிய ஆறுகளின் கதை இங்கே அப்படியே பொருந்தாது.

சரி, காய்ச்சினால்? கிருமி சாகும். ஈஸ்ட்ரோஜனும், ஹார்மோனைக் குழப்பும் பிளாஸ்டிக் ரசாயனமான பிஸ்பினால் ஏ-யும் சட்டியிலேயே இருக்கும். ஆவியாகிப் போவது தண்ணீர்தான்.

ஆர்ஓ சவ்வு இவற்றில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், சந்தேகமில்லை. ஆனால் வீட்டு இயந்திரம் கணிசமான தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பும். தவிர, 2003 முதல் வரும் புதுநீரும் (கழிவுநீரைச் சுத்திகரித்து எடுப்பது), கடல்நீரிலிருந்து எடுக்கும் குடிநீரும் ஆலையிலேயே ஆர்ஓ கண்டவை. மலேசியாவின் ஜொகூரிலிருந்து வரும் தண்ணீருக்கும் உள்ளூர் நீர்த்தேக்கத் தண்ணீருக்கும்தான் அந்தச் சவ்வு இல்லை.

பாட்டில் தண்ணீர் வாங்குவதா? காசுக்குப் பிடித்த கேடு.

என் ஓட்டு கரி வடிகட்டிக் குடுவைக்கு. தண்ணீரில் எளிதில் கரையாத இந்த மூலக்கூறுகள் கரியில் நன்றாக ஒட்டிக்கொள்ளும், விலையும் குறைவு. ஒரே நிபந்தனை, உள்ளிருக்கும் கரியைக் கெடு தப்பாமல் மாற்ற வேண்டும். நிறைந்துபோன கரி, பிடித்ததைத் திரும்ப விடவும் கூடும். எங்கள் வீட்டில் ஒரு குடுவையின் கரி ஒன்றரை வருடம் அப்படியே கிடந்தது, அது வேறு கதை.

இதற்கெல்லாம் முன்னால் அத்தையின் ஜாடியைப் பார்த்திருக்க வேண்டும். காய்ச்சிய தண்ணீரைச் சுடச்சுட ஊற்றி வைப்பது பழைய பாலிகார்பனேட் ஜாடியில். பிஸ்பினால் ஏ-யைக் கொண்டே செய்யும் பிளாஸ்டிக் அது. சூடு பட்டால் கசிவு கூடும். தேக்காவில் ஓர் எவர்சில்வர் குடம் வாங்கி வந்தேன். ஜாடியில் இப்போது மணிப்பிளான்ட் வளர்கிறது.