லீ லோட்-ஆல், மெக் 600 ஜூனியர், சைஸ்மாஸ்டர்: முதல் பிரஸ் எது?

அமெரிக்காவில் ட்ராப், ஸ்கீட் (பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டுகள்) சுடுகிறவர்கள், சுட்டு முடிந்த ஷாட்கன் தோட்டாவின் காலிக் கூட்டை வீட்டிலேயே திரும்ப நிரப்பிக்கொள்வது பழைய வழக்கம். (இந்தியாவில் கதை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம்.) கூட்டை நிரப்பும் கைப்பிடி இயந்திரம்தான் பிரஸ். அதை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "மணிக்கு எத்தனை வரும்?" என்றுதான். எந்தத் துப்பாக்கி, எந்தக் கூடு என்பதில் இருந்து தொடங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சுடும்போது கூட்டின் உலோக அடிப்பகுதி, துப்பாக்கியின் அறை அளவுக்கு விரிந்துவிடுகிறது. அதே இரட்டைக்குழல் துப்பாக்கியில் திரும்பப் போட்டால் பெரும்பாலும் நுழையும். அடுத்த தோட்டா தானாக ஏறும் செமி ஆட்டோமேட்டிக்கும், கையால் முன்பின் இழுக்கும் பம்பும் அப்படி விட்டுக்கொடுக்காது, பாதியில் மாட்டிக்கொள்ளும். அதனால் பிரஸ் அடியை நெரித்துச் சுருக்க வேண்டும். பித்தளை அடி நெரித்தால் நெரித்தபடி நிற்கும். ரெமிங்டன் கன் கிளப் போன்ற மலிவுத் தோட்டாக்களில் வரும் எஃகு அடி கொஞ்சம் திமிறித் திரும்ப விரியும்.

தலைப்பில் உள்ள மூன்று பிரஸ்களில் லீ நிறுவனத்தின் லோட்-ஆல் 2தான் மலிவு. ஒரு வளையத்தைக் கூட்டில் மாட்டி அழுத்தி அடியைச் சுருக்குகிறது. அடுத்த நிலையில் பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஏறும்போது வளையம் கழன்றுவிடும். பவுடர் என்கிற வெடிமருந்தையும் ஈய ரவை என்கிற சிறு குண்டுகளையும் அளந்து விடும் புஷிங்குகள் பெட்டியிலேயே வந்துவிடுவது பெரிய வசதி. ஆனால் பல பாகங்கள் பிளாஸ்டிக். கைப்பிடியை இழுக்கும்போது ஆட்டம் தெரியும், கிரிம்ப் (கூட்டின் வாயை மடித்து மூடுவது) ஒரே சீராக அமைவதில்லை. மாதம் சில பெட்டி சுடுகிறவருக்கு இது போதும்.

மெக் நிறுவனத்தின் 600 ஜூனியர் கனத்த இரும்பு. ஐந்து நிலைகள், தோட்டாவைக் கையால் நகர்த்த வேண்டும். இரட்டைக்குழலும் பித்தளை அடிக் கூடுகளும் வைத்திருப்பவர் இதற்கு மேல் செலவு செய்யத் தேவையில்லை. அதே நிறுவனத்தின் சைஸ்மாஸ்டரில் அடியைச் சுற்றிலும் காலெட் எனும் எஃகு விரல்கள் இறுக்கிப் பிடித்துத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவருகின்றன. செமி ஆட்டோ என்றாலோ பல துப்பாக்கிகளின் கூடுகளைப் பொறுக்கி நிரப்புவதென்றாலோ யோசிக்காமல் இதையே வாங்கலாம்.

மெக் 9000 போன்ற ப்ரோகிரசிவ் (எல்லா நிலைகளிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும் பிரஸ்), கூடுகள் நிற்கும் தட்டு நிரம்பியபின் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா தரும். தொடக்கக்காரருக்கு வேண்டாம். ஓரிடத்தில் சிக்கினால் மற்ற நிலைகளில் இருப்பவை எந்தக் கட்டத்தில் நிற்கின்றன என்பது குழம்பும். ஒரு கூட்டில் பவுடர் இரட்டிப்பாகலாம், இன்னொன்றில் இல்லாமலே போகலாம். இரட்டிப்பானால் துப்பாக்கியே உடையும். குறைந்தால் 'புஸ்' என்ற சத்தத்தோடு வாட் (பவுடருக்கும் ரவைக்கும் நடுவே வைக்கும் அடைப்பு) குழலில் தங்கிவிடும். அதைப் பார்க்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். சத்தம் மாறியது என்று தோன்றினால் தோட்டாக்களை எடுத்துவிட்டுக் குழலுக்குள் பார்த்த பிறகுதான் மறுபடி. மேலே சொன்ன மூன்றைப் போல ஒரு நேரத்தில் ஒரே கூட்டை நிரப்பும் பிரஸ்ஸில் வாட் இறங்குமுன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பவுடர் மட்டத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம். அதன் மெதுவேகத்தின் லாபமே அதுதான்.

எந்தப் பிரஸ்ஸானாலும் எந்தப் புஷிங் எவ்வளவு விடும் என்ற அட்டவணையை அப்படியே நம்பக் கூடாது. மெக் புஷிங்குகள் அட்டவணையில் இருப்பதைவிடக் குறைவாகவே விடுவது சகஜம். கை அதிர்வு மாறினாலும் எடை மாறும். பிரஸ்ஸோடு கிரெய்ன் (பவுடரை நிறுக்கும் மிகச் சிறு எடை அளவு) காட்டும் தராசும் வாங்கி, பத்துத் தடவை விட்டு நிறுத்துப் பாருங்கள். அளவை பவுடர் நிறுவனத்தின் கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். கூடு, பிரைமர், வாட், பவுடர், ரவை எடை ஐந்தும் சேர்ந்ததுதான் ஒரு செய்முறை. வாட் கிடைக்கவில்லை என்று வேறொன்றைப் போட்டால் அழுத்தம் மாறும். ஈய ரவைக்கான செய்முறையில் எஃகு ரவை போடவே கூடாது.

கிரிம்ப் குழிந்தால் உள்ளே அடுக்கின் உயரம் போதவில்லை; புடைத்தால் அதிகம். எட்டு மடிப்புக் கூட்டுக்கு ஆறு மடிப்பு ஸ்டார்ட்டரை (மடிப்பைத் தொடங்கும் பாகம்) போட்டால் எதுவும் சரிவராது. செடைட் நிறுவனக் கூடுகளின் பிரைமர் குழி சற்றுப் பெரியது. வின்செஸ்டர் 209 பிரைமர் அதில் தளரலாம். வின்செஸ்டர் ஏஏ, ரெமிங்டன் எஸ்டிஎஸ் கூடுகள் இரண்டில் ஒன்றோடு தொடங்குவது நல்லது, கலந்து நிரப்ப வேண்டாம்.

25 பவுண்டு ரவை மூட்டையில் 1 அவுன்ஸ் தோட்டா 400 வரும், 1⅛ அவுன்ஸ் என்றால் 355. ஆனாலும் 12 கேஜில் (கேஜ் என்பது குழலின் அளவு; எண் கூடக் கூடக் குழல் சிறியது) கடைத் தோட்டாவே மலிவாகக் கிடைப்பதால் மிச்சம் சொற்பம். பணம் மிஞ்சுவது 28 கேஜ், .410 ஆகிய சின்னக் குழல்களில்தான். லோட்-ஆல் 12, 16, 20 கேஜ்களுக்கு மட்டுமே வருகிறது. சின்னக் கேஜ் சுடுகிறவர் மெக் பக்கம்தான் போக வேண்டும்.