அழகுக்கலை: படித்துவிட்டு வருவதா, பார்லரில் சேர்ந்து கற்பதா?

இந்தத் துறைக்கு வர முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் திணறுவது இங்கேதான்.

செலவு
படிப்பு: கட்டணம் முன்கூட்டியே, கிட் தனி.
பார்லர்: கட்டணம் பெரும்பாலும் இல்லை, ஆனால் முதல் சில மாதம் தரை கூட்டி, துண்டு மடித்து, தலை அலசுவதுதான் வேலை.

கைப்பழக்கம்
படிப்பு: பொம்மைத் தலையில் வெட்டலாம், தப்பானால் யாரும் அழமாட்டார்கள்.
பார்லர்: வேகமும், முகம் சுளிக்கும் வாடிக்கையாளரிடம் பேசும் பக்குவமும் இங்கேதான் வரும்.

காரண அறிவு
படிப்புக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பது இதில்தான். ஹேர் டையில் உள்ள பிபிடி என்ற நிறமூட்டும் ரசாயனம் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும், அதனால்தான் 48 மணி நேரம் முன்பே பேட்ச் டெஸ்ட், அதாவது தோலில் கொஞ்சம் தடவிப் பார்க்கும் சோதனை. சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த ரிலாக்சரின் (சுருட்டை முடியை நேராக்கும் கிரீம்) பிஎச் 12-க்கும் மேல், அதாவது கடும் காரம், கொஞ்சம் கவனம் தப்பினாலும் தோல் வெந்துவிடும். பார்லரில் "அக்கா இப்படித்தான் செய்வாங்க" என்பதோடு பாடம் முடிந்துவிடலாம். நல்ல அக்கா கிடைத்தால் அதிர்ஷ்டம்.

சான்றிதழ்
அமெரிக்கா போல உரிமம் கட்டாயமான இடங்களில் அனுபவத்தை மட்டும் காட்டி வேலை செய்ய முடியாது. பல மாநிலங்களில் 1000 முதல் 1500 மணி நேரப் பயிற்சி, அப்புறம் தேர்வு.

சரி, யாருக்கு எது? சரும சிகிச்சை, கெமிக்கல் வேலை, வெளிநாடு என்றால் படிப்பு. உடனே சம்பாதிக்க வேண்டும், முடிவெட்டு, மேக்கப் போதும் என்றால் பார்லர். சேரும் முன் உங்கள் ஊர் உரிம விதியை மட்டும் பார்த்துவிடுங்கள்.