ஆறு ஆண்டுகளாகச் சொட்டும் ஒரே ஓர் இணைப்பு

செம்புக் குழாய்களை இணைக்க எந்த முறை நல்லது என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டபோது, நான் சிங்க்குக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒரு கம்ப்ரெஷன் ஃபிட்டிங்கின் (நட்டை இறுக்கினால் உள்ளிருக்கும் வளையம் குழாயைக் கவ்வும் இணைப்பு) நட்டை நான்காவது முறையாக இறுக்கிக்கொண்டிருந்தேன். ஆகவே கீழே உள்ளதில் கோபம் தெரிந்தால், அதற்கு அந்த நட்டே பொறுப்பு.

ஆறு ஆண்டுகளுக்கு முன் வீட்டுக் குழாய்களை மாற்றியபோது மூன்று முறைகளையும் கையாண்டேன். பற்றாசை, அதாவது இணைப்பை ஒட்டவைக்கும் உலோகக் கலவையை, உருக்கி இணைத்த பதினான்கு இடங்களில் ஒன்றுகூட இதுவரை கசியவில்லை. கை நுழையாத மூலையில் செருகிய புஷ்-ஃபிட் (குழாயை உள்ளே தள்ளினாலே பிடித்துக்கொள்ளும் இணைப்பு) இருப்பதையே மறந்துவிட்டேன். கம்ப்ரெஷன் ஃபிட்டிங்குகளும், வெந்நீர்க் குழாயில் உள்ள இந்த ஒன்றைத் தவிர, ஒழுங்காகவே இருக்கின்றன. இந்த ஒன்றில் மட்டும் நட்டின் கீழ் விளிம்பில் துளி திரண்டு, பகலெல்லாம் யோசித்துவிட்டு, இரவில் விழும். எட்டில் ஒரு சுற்று இறுக்கினால் சில மாதங்கள் அமைதி. பிறகு மீண்டும் நீலப்பச்சைக் கறை.

நியாயமாகச் சொன்னால், குற்றம் பெரும்பாலும் என்னுடையது. உள்ளிருக்கும் பித்தளை வளையம் குழாயை முழு வட்டமாகக் கவ்வினால்தான் நீர் நிற்கும். நானோ சக்கரக் கட்டர் இருந்தும் சோம்பல்பட்டு ரம்பத்தால் கோணலாக அறுத்தேன், வளையம் அமரும் இடத்தில் குறடு பதித்த கீறலும் இருக்கிறது. போதாததற்கு, செம்பு சூட்டில் நீளும்: மூன்று மீட்டர்க் குழாய் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளுகிறது. அதற்கு இடம் விடாமல் இரு முனைகளிலும் கிளாம்ப் அடித்து இறுக்கியவனும் நானே.

அங்கேயும் பற்றாசு வைத்திருக்கலாமே என்று நண்பர் கேட்டார். வெந்நீர்க் கலனின் வால்வு முழுதாக மூடாது. நூலிழையாய் நீர் வந்துகொண்டே இருக்கும். குடிநீருக்கு ஏற்ற வெள்ளீயம்-செம்புப் பற்றாசு உருகுவதற்கு 227 டிகிரி வேண்டும், ஆனால் குழாய்க்குள் நீர் நிற்கும்வரை சுடரின் வெப்பமெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே செலவாகி, இணைப்பு 100 டிகிரியைத் தாண்ட மறுக்கிறது. இருமுறை முயன்று, பற்றாசு ஒட்டுவதற்காகத் தடவும் ஃப்ளக்ஸைக் கருக்கியதுதான் மிச்சம். (இந்த வேலையை இன்றும் ‘ஈயம் வைப்பது’ என்கிறோம், குடிநீர்க் குழாயில் அந்த ஈயம் வெள்ளீயமாகத்தான் இருக்க வேண்டும், காரீயம் கலந்த பழைய சுருளைத் தொடக்கூடாது.)

டார்ச் பிடித்துப் பழக்கமில்லாத நண்பருக்குக் கம்ப்ரெஷன் ஃபிட்டிங்கையே பரிந்துரைத்தேன்: தீ வேண்டாம், கழற்றலாம், குழாயை நேராக வெட்டிப் பிசிறு நீக்கினால் போதும், அளவுக்கு மேல் இறுக்கி வளையத்தை நசுக்காமல் இருந்தால் பல ஆண்டுகள் உழைக்கும். இதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெற மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெந்நீர்க் கலனை முழுவதும் வடித்து, அந்த ஃபிட்டிங்கை அறுத்தெறிந்துவிட்டுப் பற்றாசு வைக்கப் போகிறேன். நான்காவது இறுக்கலுக்குப் பின் அது ஒரு துளிகூடச் சொட்டவில்லை என்பது உண்மைதான்; அதற்காக முடிவை மாற்றுவதாக இல்லை.