வொய்னிச் சுவடியின் இணையப் படி: செய்முறையைத் தேடுவோருக்கு

யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கே நூலகத்தில் எம்.எஸ். 408 என்ற எண்ணில் இருக்கும், புரியாத எழுத்தும் படங்களும் நிறைந்த பழைய கையெழுத்து நூலான வொய்னிச் சுவடியை, யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி இணையத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம், தரவிறக்கலாம். இதுவரை எவரும் ஐயமற வாசித்துக் காட்டாத அந்த எழுத்துக்குப் பொருள் தேடி வருகிறவர்களுக்கு இந்தச் சேவை பெரிதாக உதவாது. சுவடியை எவ்வாறு செய்திருப்பார்கள் என்று அறிய விரும்புகிறவர்களுக்கோ இதைவிட எளிதில் கிடைக்கும் நல்ல சாதனம் வேறில்லை.

செடிப் படமுள்ள ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வேலை நடந்த வரிசை புலப்படுகிறது. வரிகள் தண்டின் விளிம்பில் நின்று மறுபுறம் தொடர்வதால், கோட்டோவியம் முதலிலும் எழுத்து அதன் பிறகும் வந்திருக்க வேண்டும். இறகுப் பேனாவில் மை வற்ற வற்ற எழுத்து வெளிறுவதும், மறுபடி மை தொட்ட இடத்தில் சட்டென்று கருப்பதும் ஒரே வரிக்குள் தெரிகின்றன. தாளாகப் பயன்பட்ட கன்றுத்தோலில் ஓட்டை இருக்கும் இடத்தை எழுத்து ஒதுங்கிக் கடக்கிறது. அடித்தல் திருத்தல் மிக அரிது என்பதால், வேறொரு வரைவைப் பார்த்துப் படியெடுத்திருப்பார்களோ என்ற எண்ணம் எழுகிறது. வண்ணம் தீட்டிய கை மட்டும் அவசரக் கை: பச்சை கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது, சில இடங்களில் எதிர்ப் பக்கத்திலும் கறை பதிந்திருக்கிறது. கோடு வரைந்தவரே இதையும் தீட்டினார் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

கண்ணுக்கு எட்டாத செய்திகளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு உட்கார்வது நல்லது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் ரேடியோ கார்பன் ஆய்வு கன்றுத்தோல் தாள்களுக்கு 1404 முதல் 1438 வரையிலான காலத்தைத் தந்தது. அது தோலின் வயதே தவிர எழுத்தின் வயதன்று. மை, மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்ந்த அக்கால ஐரோப்பிய மை, நீலம் அஸுரைட் என்னும் செம்புக் கனிமம், சிவப்பு காவிக்கல். எழுத்தில் ஐந்து பேரின் கை இருப்பதாகப் பழஞ்சுவடி ஆய்வாளர் லிசா ஃபாகின் டேவிஸ் 2020-இல் வாதிட்டார். அதை மனத்தில் வைத்துக்கொண்டு தொலைதூரப் பக்கங்கள் இரண்டைத் திரையில் அருகருகே நிறுத்திப் பார்ப்பது தனிச் சுவை.

திரைக்கு எட்டாதது கட்டமைப்பு. 23.5 செ.மீ. உயரமே உள்ள கையடக்கச் சுவடி என்பது பெரிதாக்கப் பெரிதாக்க மறந்துபோகிறது. தாள்களை மடித்துக் கட்டுகளாகத் தைத்த விதம் தனித்தனிப் படங்களில் பிடிபடுவதில்லை. ஒன்பது வட்டங்கள் கொண்ட பெரிய மடிப்புத்தாளில் இக்குறை மிகவும் உறுத்துகிறது. அதற்கு, யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2016-இல் அச்சிட்ட, மூலத்தை அப்படியே காட்டும் நேர்ப்படியை நூலகத்தில் தேடிக் கையால் விரித்துப் பார்ப்பதே சரி.