டி.ஏ. வேலை, அரபு வகுப்பு, ஐந்து வருஷம்

அமெரிக்காவில் அரபு பிஎச்.டி. படிக்க நினைக்கும் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் இந்த மாதம் ஒரே கேள்வியோடு போன் செய்தார்கள். "ராத்தா, டி.ஏ. வேலை குடுத்தா வாங்கிக்கலாமா?" இரண்டு பேரிடமும் ஒவ்வொரு மணி நேரம் பேசினேன். பேசியதை எழுதி வைத்தால் இன்னும் நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியது.

நான் காயல்பட்டினம். சின்ன வயதில் ஓதிப் பழகிய அரபு, பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. அரபு, அதன் பிறகு அமெரிக்க மத்திய மேற்கில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருஷம் டி.ஏ. (டீச்சிங் அசிஸ்டென்ட்). அதாவது, நாம் படித்துக்கொண்டே இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் நடத்துவது. அதற்குப் பதிலாகப் படிப்புக் கட்டணம் தள்ளுபடி, மருத்துவக் காப்பீடு, மாதச் சம்பளம். பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

நம் பிள்ளைகளுக்கு முதலில் தெரியவேண்டியது, இதைவிட்டால் வேறு கதவு அதிகம் இல்லை என்பது. அரபு படிப்பவர்களுக்கு அமெரிக்க அரசின் ஃப்ளாஸ் உதவித்தொகை குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்குத்தான். போரன், சி.எல்.எஸ். என்ற மற்ற இரண்டு அரசு உதவித்தொகைகளும் குடிமக்களுக்கு மட்டுமே. இந்தியாவிலிருந்து போகிறவருக்குப் பெரும்பாலும் டி.ஏ. வேலைதான் சோறு.

வரலாற்றுத் துறையில் டி.ஏ. என்றால் பேராசிரியர் நடத்துவார், நீங்கள் வாரம் ஒருமுறை மாணவர்களை உட்காரவைத்துப் பேசுவீர்கள், பேப்பர் திருத்துவீர்கள். மொழி வகுப்பில் அப்படி இல்லை. வகுப்பே உங்கள் கையில். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 மணி, ஐம்பது நிமிஷம். ஆகஸ்டில் ஒரு வாரப் பயிற்சி முடிந்த திங்கட்கிழமையே பதினெட்டு பேர் "உஸ்தாஸா" (ஆசிரியை) என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒப்பந்தத்தில் வாரம் 20 மணி நேரம் என்று இருக்கும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்தில் 20 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். அதனால் தாளில் அந்த எண் ஒருபோதும் கூடாது. கூடுவது வேலைதான். என் முதல் வருஷக் கணக்கைச் சொல்கிறேன். வகுப்பில் நிற்பது நாலு மணிக்குக் கொஞ்சம் மேல். தயாரிப்பு நாளுக்கு ஒன்றரை மணி, ஆக ஏழரை. சந்தேகம் கேட்க வருபவர்களுக்கு இரண்டு மணி, டி.ஏ.க்கள் கூட்டம் ஒரு மணி. பதினெட்டு பேரின் வீட்டுப்பாடம், வாரம் நாலு, ஒன்றுக்கு நாலு நிமிஷம் என்றால் ஐந்து மணி நேரத்துக்குப் பக்கம். எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட இருபது, சரியாக இருந்தது.

நாலு நிமிஷம் ஏன் என்று கேட்பவர்கள் அரபு சொல்வதெழுதல் திருத்திப் பார்த்ததில்லை. சொல்லின் நடுவில் ஒரு சின்னப் பல் மாதிரிக் கோடு. அதன் கீழே ஒரு புள்ளி வைத்தால் பா, மேலே ஒன்று வைத்தால் நூன், மேலே இரண்டு தா, மூன்று ஸா, கீழே இரண்டு யா. புதிதாக எழுதுகிறவர் புள்ளியை இரண்டு பற்களுக்கு நடுவில் வைத்துவிடுவார். அது எந்தப் பல்லுக்குச் சொந்தம், அவருக்கு எழுத்து தெரியவில்லையா, கை மட்டும் நகர்ந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும். தெரியாதவருக்கும் கை நகர்ந்தவருக்கும் எழுதவேண்டிய குறிப்பு வேறு. அதில் அவசரப்பட்டால் அந்தப் பிள்ளை மூன்றாவது மாதம் வகுப்பை விட்டுவிடும்.

மூன்றாவது வருஷம் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கி என்னிடம் 27 பேரைக் கொடுத்தார்கள். சம்பளம் அதே, எழுதிய மணி நேரம் அதே. வீட்டுப்பாடம் மட்டும் ஏழு மணியைத் தாண்டியது. இடைத்தேர்வு வாரத்தில் ஒவ்வொருவரிடமும் பதினைந்து நிமிஷம் வாய்மொழித் தேர்வு, அது தனியாக ஆறே முக்கால் மணி. அந்த செமஸ்டர் என் சொந்த ஆய்வில் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. அமெரிக்க மொழி ஆசிரியர் சங்கமான ஆக்ட்ஃபுல் ஒரு மொழி வகுப்பில் 15 பேருக்கு மேல் வேண்டாம் என்கிறது. வகுப்புகளை ஒன்றாக்குவதற்கு ஒரு காரணம், சேர்க்கை குறைவது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் அரபு படிப்பவர்கள் மளமளவென்று கூடினார்கள். 2002இல் சுமார் 10,500 பேர், 2009இல் 35,000 பக்கம். 2021 கணக்கில் 23,000க்கும் கீழே. அந்த இறக்கத்தின் சுமை கடைசியில் டி.ஏ.யின் மேஜையில் வந்து விழுகிறது என்பது என் அனுபவம்.

இந்த வேலை நன்றாக இருப்பதும் நாசமாவதும் பாட ஒருங்கிணைப்பாளர் கையில் இருக்கிறது. எனக்கு இரண்டு பேர் வாய்த்தார்கள். முதலாமவர் செமஸ்டர் தொடங்குமுன் பதினைந்து வாரத்துக்கும் நாள்வாரியாகத் திட்டம் தந்தார். மூன்றாவது வாரம் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து, முடிந்ததும் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதில் முதல் வரி: இலக்கணத்தை நீங்கள் ஆங்கிலத்தில் 17 நிமிஷம் விளக்கினீர்கள். கடிகாரம் வைத்து எண்ணியிருக்கிறார். அந்த ஒரு வரி என்னை ஆசிரியராக்கியது. அடுத்த வாரமே அதை ஐந்து நிமிஷமாகக் குறைத்து, மீதி நேரத்தைப் பிள்ளைகள் பேசுவதற்குக் கொடுத்தேன்.

இரண்டாமவர் காலத்தில் பொதுத்தேர்வுத் தாள் முந்தின இரவு 10.40க்கு மின்னஞ்சலில் வந்தது, நடத்தாத பாடத்தோடு. மூன்றாம் ஆண்டு அரபு வகுப்பை நடத்தக் கேட்டபோது, அது அரபைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு மட்டும் என்றார். நான் பாடம் நடத்தியதற்குக் கிடைத்த மதிப்பெண்ணை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அது இன்றும் வலிக்கிறது. அரபு தாய்மொழியாக இல்லாமல் வந்து கற்றவளுக்கு, எந்த இடத்தில் தடுக்கும் என்பது கால் பதிந்த வழி மாதிரித் தெரியும்.

ஓர் உதாரணம். தரஸ என்றால் படித்தான். நடு எழுத்தை இரட்டித்துத் தர்ரஸ என்றால் படிப்பித்தான். அலிம அறிந்தான், அல்லம அறிவித்தான். ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்யும் பட்டியலாகப் பார்த்தார்கள். எனக்கோ ஆடு, ஆட்டு, ஓடு, ஓட்டு, உருகு, உருக்கு என்று நம் தன்வினை பிறவினை வரிசையாக வந்து நின்றது. கரும்பலகையில் அந்த மூன்று ஜோடியையும் தமிழில் எழுதி, இரட்டித்த மெய்யைச் சிவப்பில் காட்டி, இதைப் பார்த்துவிட்டு அரபைப் பாருங்கள் என்றேன். கதீஜா என்று இங்கே பெயர் வைத்துக்கொள்கிறேன், சோமாலியக் குடும்பத்துப் பெண், நர்சிங் படிக்கிறவர். பொருள் தெரியாமலே குர்ஆனின் பல சூராக்கள் (அத்தியாயங்கள்) மனப்பாடம். அவர் உதடு அசைத்துத் தனக்குத்தானே எதையோ ஓதிப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி, இரண்டு சொல்லும் அடுத்தடுத்து வரும் இடம் எனக்குத் தெரியும் உஸ்தாஸா, இத்தனை வருஷம் இரண்டும் ஒன்றென்று நினைத்திருந்தேன் என்றார். நானும் பதினைந்து வயது வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இன்னொன்று அரபின் ளாத் எழுத்து. ஊரில் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவதை வுளூ என்போம், மார்க்கக் கடமையைப் பர்ளு என்போம், ரமழான் என்று எழுதுவோம். மூன்றிலும் இருப்பது அதே எழுத்துதான். இன்றைய அரபியர் அதைக் கனத்த ஒரு தகரம் போலச் சொல்வார்கள். என் ஒலிப்பதிவைக் கேட்ட முதல் ஒருங்கிணைப்பாளர், இந்த லகரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. நூலகத்தில் தேடினால், 8ஆம் நூற்றாண்டு இலக்கண அறிஞர் சீபவைஹி, ளாத் நாக்கின் பக்கவாட்டில் கடைவாய்ப் பற்களை ஒட்டிப் பிறக்கிறது என்கிறார். ஸ்பானிய மொழியில் நகரத் தலைவரைக் குறிக்கும் அல்கால்தே, அரபில் நீதிபதியைக் குறிக்கும் காளி (காஜி) என்ற சொல்லிலிருந்து போனது. அங்கேயும் ஒரு ல் நிற்கிறது. இதை அவரிடம் காட்டினேன். அடுத்த வாரக் கூட்டத்தில் எல்லா டி.ஏ.க்களுக்கும் பத்து நிமிஷம் சொல்லச் சொன்னார். வகுப்பில் இன்றைய உச்சரிப்பைத்தான் கற்றுக்கொடுத்தேன். ஆனால் வாப்பாவின் உம்மா அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, எழுதிய கடிதங்களைப் படிக்கும்போது, அந்த ஒலிக்கு ஒரு வம்சாவளி இருப்பது தெரிந்துதான் படிக்கிறேன்.

ஏட்டு அரபும் பேச்சு அரபும் வேறு என்பதும் நமக்குப் புதிதல்ல. செய்தித் தமிழும் வீட்டுத் தமிழும் போலத்தான். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் வெளியிடும், பல இடங்களில் வைத்திருக்கும் பாடநூல் எகிப்தியப் பேச்சையும் சிரியப் பேச்சையும் ஏட்டு வழக்கோடு சேர்த்தே தருகிறது. எதை நடத்துவது என்று துறை முன்னாலேயே முடிவு செய்திருக்கவேண்டும். என் துறை முடிவு செய்யவில்லை. லெபனான் பாட்டியோடு பேசுவதற்காக வந்த பையன் ஒரு செமஸ்டர் முழுக்க ஏட்டு அரபு படித்து ஏமாந்துபோனான்.

முன்னேற்றம் மெதுவாகத்தான் இருக்கும். அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சியில் ஸ்பானிய மொழிக்குச் சுமார் 700 மணி நேரம், அரபுக்குச் சுமார் 2,200 மணி நேரம். நம் வகுப்பு செமஸ்டருக்கு அறுபது மணிக்குச் சற்று மேல். முதல் வருஷம் இது தெரியாமல் என்னையே குறை சொல்லிக்கொண்டேன்.

பணம். எனக்கு மாதம் 2,050 டாலர், ஒன்பது மாதம் மட்டும். கோடை மூன்று மாதம் கிடையாது. ஆகஸ்டில் வேலை தொடங்கி முதல் சம்பளம் செப்டம்பர் கடைசியில் வந்தது. அதுவரைக்கும் வாடகைக்கும் முன்பணத்துக்கும் கையில் காசு வேண்டும். வாப்பா கடன் வாங்கித்தான் அனுப்பினார்கள். கட்டணத் தள்ளுபடி என்றாலும் செமஸ்டருக்கு அறுநூறு டாலர் சில்லறைக் கட்டணங்கள் தனி. ஒரு நல்லது, இந்தியா–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின்படி இந்திய மாணவர்கள் நிலையான கழிவை, அதாவது வரி போடுமுன் வருமானத்தில் கழிக்கும் தொகையை, எடுத்துக்கொள்ளலாம். மற்ற நாட்டு மாணவர்கள் பலருக்கு அது இல்லை. தாக்கல் செய்யும்போது விட்டுவிடாதீர்கள்.

முதல் ஒருங்கிணைப்பாளர் இருந்த காலத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். பிறகு வந்த காலத்துக்கு இரண்டு. வேலை அதேதான், சம்பளமும் அதேதான்.

ஆகவே கடிதம் வந்ததும் தொகையைப் பார்த்து உடனே சம்மதம் எழுதாதீர்கள். இப்போது அங்கே டி.ஏ.யாக இருப்பவர் ஒருவரைப் பிடித்து, வகுப்பில் எத்தனை பேர், தேர்வுத் தாள் யார் தயாரிப்பது, ஒருங்கிணைப்பாளர் வகுப்புக்கு வந்து பார்ப்பாரா, கோடையில் என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டு வகுப்பு நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைக்குமா என்பதை மட்டும் துறைத் தலைவரிடமே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பதிலுக்கு ஏப்ரல் 15 வரை நேரம் தருகின்றன.