2002-லிருந்து போர்தோவில்: மேயர் ஜூப்பேயைப் பற்றி என் அனுபவம்

நான் பிரான்சின் போர்தோ நகரத்துக்கு வந்தபோது ஊரையே தோண்டிப் போட்டிருந்தார்கள். எந்தத் தெருவுக்குப் போனாலும் பள்ளம், தடுப்பு, தூசி. கேட்டால், ட்ராம் வருகிறது என்றார்கள். அப்போது மேயர் அலென் ஜூப்பே. 1995-ல் நாட்டின் பிரதமராக இருந்துகொண்டே மேயரானவர். அவருக்கு முன்னால் 48 வருடம் அந்தப் பதவியில் இருந்தவர் ஷாபான் டெல்மாஸ். அவர் காலத்து மெட்ரோ திட்டம் கைவிடப்பட்ட பிறகுதான் ஜூப்பே ட்ராமைக் கையில் எடுத்தார்.

2003 டிசம்பரில் ட்ராம் ஓடத் தொடங்கியது. பழைய ஊருக்குள் தலைக்கு மேலே மின்கம்பியே கிடையாது, தரையில் பதித்த பட்டையிலிருந்து மின்சாரம் எடுக்கும், வண்டி மேலே நிற்கிற துண்டில் மட்டும்தான் மின்சாரம் இருக்கும் என்பதால் மற்ற இடத்தில் யாரும் பயமில்லாமல் மிதிக்கலாம். ஆரம்பத்தில் அடிக்கடி மக்கர் பண்ணியது. பாதியில் இறங்கி நடந்திருக்கிறேன். இருந்தாலும் அந்தப் பிடிவாதம் சரி என்றே இன்றும் சொல்வேன். கரி படிந்து கிடந்த கல் முகப்புகளைச் சுத்தம் செய்தார்கள், கரோன் ஆற்றை மறைத்த கிடங்குகளை இடித்தார்கள், ஆறு கண்ணுக்குத் தெரிந்தது. 2006-ல் பூர்ஸ் சதுக்கத்துக்கு எதிரே நீர்க்கண்ணாடி வந்தது. கருங்கல் தளத்தில் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர், அது வடிந்ததும் புகைபோல நீர்த்திவலை. என் மகள் நடை பழகியதே அதில்தான். முழங்கால்வரை திவலை மூடிக்கொள்ள, கால் எங்கே என்று குனிந்து தேடுவாள்.

ஜூப்பே மேல் எனக்கு வருத்தமும் உண்டு. தன் கட்சி ஆட்களுக்குப் பாரிஸ் நகராட்சிப் பணத்தில் சம்பளம் கொடுத்த வழக்கில் 2004-ல் தண்டனை பெற்றார், பதவியை விட்டார், 2006-ல் முதல் சுற்றிலேயே ஜெயித்துத் திரும்பினார். ஊர் அவ்வளவு சுலபமாக மறந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் வீடு. ஊர் அழகாக அழகாக விலையும் ஏறியது. 2017-ல் அதிவேக ரயில் பாதை திறந்து பாரிஸ் இரண்டு மணி நேரத் தூரமானது. அடுத்த வருடமே எங்கள் வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார், அதே வட்டாரத்தில் அதே அளவு வீடு எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, ட்ராமின் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் குடிபோனோம். ஜூப்பே ட்ராமுக்குக் காட்டிய பிடிவாதத்தில் பாதியை வாடகைக்குக் காட்டியிருக்கலாம்.

2019-ல் அவர், சட்டங்கள் அரசியலமைப்புக்கு உட்பட்டவையா என்று பார்க்கும் அரசியலமைப்பு மன்றத்துக்குப் போய்விட்டார். மறுவருடம் பசுமைக் கட்சியின் பியேர் யுர்மிக் மேயரானார்.

மகளுக்கு இப்போது 19 வயது. கல்லூரிக்குப் பக்கத்தில் ஓர் அறை தேடி இரண்டு மாதமாக அலைகிறோம்.